குவியலுக்கு உள்ளே

மூன்று தடவை கூப்பிடுவான். மூன்றாவது தடவைக்கும் உள்ளேயிருந்து பதில் வரவில்லை என்றால், வெளியே காவல் நிற்பவன் பனி வாரும் ஷவலால் கூரையை உடைத்து ஆளை இழுத்துப் போட்டுவிட வேண்டும், யோசிக்கவே கூடாது, முகாமில் அதுதான் சட்டம். "ஏட்டி பிரிசி." முதல் கூப்பாடு. பனிக் குவியலுக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மூக்குக்கு மேலே சின்னக் கரண்டி மாதிரி இருந்த ஷவலால் சுரண்டிக்கொண்டிருந்த பிரிசில்லாவுக்கு, அது பக்கத்து ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. "இருக்கேன் அண்ணேன்," என்று கத்தினாள். கத்தினது வெளியே போனதா என்றே தெரியவில்லை, சுற்றியிருந்த வெள்ளை அதை அப்படியே குடித்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "சரி சரி, செய்யி," என்று காவலுக்கு நின்ற இசக்கிராஜின் குரல் வந்தது. முகத்தில் பனித் தூள் விழுந்து, கண்ணிமையில் உட்கார்ந்து, உருகி, காதுக்குள் ஓடிற்று. கூசியது. சிரித்தாள். படுத்த வாக்கில் தனியாகச் சிரிக்கிற பெண்ணை முத்தையாபுரத்தில் பார்த்தால் வேப்பிலை அடித்துவிடுவார்கள். இது முத்தையாபுரம் இல்லை, மணாலிக்கும் மேலே, ரோடு முடிந்த பிறகு இன்னும் மூணு மைல் ஏறினால் வருகிற சுற்றுலா முகாம், இங்கே யார் எப்படிச் சிரித்தாலும் வாயிலிருந்து புகைதான் வரும். நாலு மணிக்கு முகாமை நடத்துகிற நேகி மேடம் வருவார். கட்டினவளே, விருந்தாளிகள் படுக்கப்போகிற இந்தப் பனிக் கூட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், இருபது எண்ணுகிற வரைக்கும். நின்றால் மார்ச் மாதம் வரை வெளிவேலைக் குழுவில் இடம். இடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வண்டி. குழாயெல்லாம் உறைந்துபோய் பெரிய சமையல்கூடத்தை ஞாயிறோடு மூடுகிறார்கள், வெங்காயம் நறுக்குகிறவளுக்கு அதற்கப்புறம் இந்த மலையில் ஒரு வேலையும் கிடையாது. ஊரில் மாமா உப்புக் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார், ஒரு கிலோ பாக்கெட்டுக்குச் சூடு வைத்து வாயை ஒட்டுகிற வேலை. ஒட்டு, நகர்த்து, ஒட்டு, நகர்த்து. அதை நினைத்ததும் கை வேகமாகச் சுரண்டியது.

வேகம் கூடாது. வியர்த்தால் சட்டை நனையும், நனைந்தது உறையும், உறைந்தால் நீ முடிந்தாய் என்று முதல் நாளே சொன்னார்கள். ஆனால் மெதுவாகச் செய்கிற மாதிரியான காரியமா இது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு 'உள்ளே' வந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காலையில் இங்கே வெறும் வெட்டவெளி. எட்டு மணிக்கு வாரிக் கொட்ட ஆரம்பித்தாள், பத்து மணிக்கு ஆள் உயரக் குவியல், அப்புறம் பனி தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்கள், அதுதான் கொடுமை, அவள் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள், இசக்கிராஜ் "முட்டை பொரிக்கப் போகுதாட்டி" என்றான். பன்னிரண்டு அடித்ததும் முழங்காலில் விழுந்து வாசல் குடைய ஆரம்பித்தவள்தான். முதலில் தலை. அப்புறம் தோள். அப்புறம் இடுப்பு. ஒரு கட்டத்தில் பூட்ஸ் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம், வரிசை வரிசையாக, வீட்டுக் கூரை மாதிரி உச்சி கூர்ந்து, பக்கம் இரண்டும் பலகையால் அடித்து வழவழவென்று சரிந்து. அம்மா வாரிக் குவிப்பாள், இவள் லீவு நாளில் பலகையால் தட்டுவாள், கண் கூசும், உள்ளங்காலில் வெடிப்பு எரியும். அத்தனை அம்பாரம் பார்த்தும் ஒரு நாள்கூட ஒன்றின் உள்ளே போகலாம் என்று யாருக்கும் தோன்றினதில்லை. தோன்றினாலும் முடியாது. உப்புக் குவியலுக்கு உள்ளே கிடையாது. குடைந்தால் சரிந்து மூடும், அவ்வளவுதான். வெளியே மட்டும் இருக்கிற சாமான் அது. இது அப்படியில்லை, இது பிடித்துக்கொள்கிறது, சுரண்டினால் சுரண்டின இடத்தில் நிற்கிறது, நான் எவ்வளவு எடுக்கிறேனோ அவ்வளவு இடம் எனக்குத் தருகிறது.

"ஏட்டி." "இருக்கேன்." "செத்துட்டியோன்னு பாத்தேன்." "ஒங்களுக்கு அதுல ஒரு ஆசை." "எனக்கென்ன ஆசை, நீ செத்தா நான்லா தோண்டணும்." வாசல் வழியாக அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது, மாட்டுக் குளம்பு மாதிரி மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தது. வள்ளியூர்க்காரன், டிப்ளமா சிவில், மூன்று குளிர்காலம் இங்கே ஓட்டியவன், எண்பத்துநாலு கிலோ. காவல் நிற்பவன் யோசனை சொல்லக் கூடாது என்பதும் சட்டம், அது அவனுக்கு வயிற்றுவலி மாதிரி, சொல்லாமல் இருக்க முடியாமல் எதையாவது பேசிக்கொண்டே இருப்பான். "நாளைக்கு வாராகளே கோயம்புத்தூர் பல் டாக்டர் குடும்பம், அந்தச் சின்னப் பிள்ள மறுபடியும் போன் போட்டுச்சாம்." "என்ன கேட்டுச்சு?" "செவுத்த நக்கலாமான்னு." பிரிசில்லா சுரண்டுவதை நிறுத்தினாள். முந்தாநாள் அந்தப் போனை எடுத்தவளே அவள்தான், தமிழ்க் குடும்பம் என்பதால் ஆபீஸிலிருந்து சமையல்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறு வயதுக் குரல். அக்கா, பனி வீட்டில் கதவு உண்டா. கிடையாது. அப்ப நரி வந்தா. நரிக்கும் குளிரும்ல, வந்தா படுத்துக்கிடட்டும். அக்கா, சுவத்தை நக்கலாமா. நக்கலாம், ஆனா நீ நக்கி நக்கிச் சுவரு தீந்துட்டா நான் பொறுப்பில்ல. அந்தப் பக்கம் சிரிப்பு, அப்புறம் அம்மாக்காரி போனைப் பிடுங்குகிற சத்தம். அவர்கள் நாளைக்குச் சாயங்காலம் வந்து படுக்கப்போகிற கூடு இதுதான். இதே கூடு. அவள் கூடு. முதல்முறையாக ஒரு குடும்பம் அவள் செய்த ஒன்றுக்குள் வந்து கால் நீட்டிப் படுக்கும். "நக்கிட்டுப் போட்டும்," என்று கத்தினாள், "தோண்டின பனியே அம்பாரமா கெடக்கு." "அம்பாரம்ங்கா பாரு, உப்பளத்துக்காரி," என்றான் வெளியே.

உப்பளத்துக்காரி. பதினொண்ணாம் வகுப்புப் பாதியில் எழுந்து வந்தவள். எழுந்து வந்தாள் என்பது சும்மா சொல்கிற வார்த்தை இல்லை, நிஜமாகவே எழுந்தாள், அரைப்பரீட்சை, பௌதிகம், பத்து மணிக்குத் தாள் கொடுத்தார்கள், பத்தரைக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டாள், பன்னிரண்டரை வரைக்கும் வெளியே விடமாட்டார்களாம். மிஸ், முடிச்சிட்டேன். உக்காரு. தெரிஞ்சது அவ்ளோதான் மிஸ். உக்காருன்னு சொல்றேன்ல. உட்கார்ந்து மின்விசிறி இறக்கையை எண்ணினாள், மூன்று, எத்தனை தடவை எண்ணினாலும் மூன்று. இப்படியே இன்னும் ஒன்றரை வருஷம், அப்புறம் மூன்று வருஷம், அப்புறம் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டும். தாளை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். கேட் வரைக்கும் நடந்துவிட்டு அங்கிருந்து ஓடினாள். அம்மா அடிக்கவில்லை, அதுதான் மோசம், காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே "பெறகு என்ன செய்யப் போற" என்று மட்டும் கேட்டாள். பெறகு. யாருக்குத் தெரியும் பெறகு. பெரியம்மா மகள் ஷைனி இங்கே கணக்குப் பார்க்கிறாள், அவள் சமையல்கூடத்துக்கு ஆள் தேடினாள், இவள் டில்லி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ், பஸ்ஸில் வாந்தி. கண்ணாடிக்கு வெளியே முதல் வெள்ளையைப் பார்த்தபோது வாயைத் துடைத்துக்கொண்டே நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது: இங்கேயுமா. இங்கேயும் உப்பா. இறங்கிக் கையில் அள்ளி நாக்கில் வைத்தாள். ருசியே இல்லை. ருசி இல்லாத வெள்ளை. அதற்கு இவ்வளவு சந்தோஷப்பட ஒரு ஆளால் முடியும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஏட்டி." "இருக்கேன், இருக்கேன்." "ரெண்டாவது தடவ கூப்பிடுதேன்." "மொதத் தடவ கேக்கல." "ஒனக்குக் கேக்காது. நீ எங்கியோ போயிருவ. ஆளு உள்ள, நெனப்பு ஊருல." "ஊருல ஒண்ணுமில்ல," என்றாள். அவனுக்குக் கேட்டிருக்காது.

இடதுபக்கம் இன்னும் கொஞ்சம். இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை, மூன்று படுக்கை, அப்பாக்காரர் குண்டாக இருந்தால்? பல் டாக்டர்கள் குண்டாக இருப்பார்களா? இடம் விட வேண்டும். திரும்பி ஒருக்களித்து, தோள் உயரத்தில் சுவரை வளைத்துக் குடைந்தாள். பனி இங்கே நல்ல பதம், கத்தியில் பால்கோவா வெட்டுகிற மாதிரி வந்தது. வெளிச்சம் மாறியது. மத்தியில், தலைக்கு மேலே, கூரை கறுப்புக் கலந்த நீலம். இந்தப் பக்கம் நீலம் இளைத்து, இளைத்து, பள்ளிக்கூட யூனிபாரம் பல தடவை துவைத்த நீலம், அப்புறம் அதுகூட இல்லை. அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று கையுறையைக் கழற்றி விரலால் தொட்டாள். தொட்ட இடத்தில் விரல் நிழல் விழுந்தது. நிழலா. வெளியே வெயில் இருக்கிறது, உள்ளே என் விரலுக்கு நிழல். சுவர் அவ்வளவு மெல்லிசா. இருக்காது. குச்சி இன்னும் வரவில்லையே. காலையில் குவியலைத் தட்டி முடித்ததும், ஒரு சாண் நாலு விரல் நீளத்துக்கு நறுக்கின குச்சிகளை மேலிருந்து நாற்பது இடத்தில் குத்திவைத்தாள். உள்ளேயிருந்து குடையும்போது குச்சி முனை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், சுவர் அதற்கு மேல் இளைக்கக் கூடாது, அதுதான் கணக்கு. மத்தியில் குச்சி முனைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தினாள். இங்கே ஒன்றுகூட வரவில்லை. இன்னும் லேசாகச் சுரண்டினாள். வந்தது. முனை வரவில்லை. குச்சியின் முதுகு வந்தது. சுவரோடு சுவராக, நெட்டுக்கு, மேலிருந்து கீழாகப் படுத்திருந்தது குச்சி, அவளைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரலால் குச்சியை அடியிலிருந்து நுனிவரை தடவினாள். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடிற்று. காலையில் கை பாட்டுக்குக் கை வேலை செய்தது, தலை சந்தோஷத்தில் எங்கேயோ இருந்தது. கை அம்பாரம் கட்டியிருக்கிறது. உருண்டையாக, கவிழ்த்த சட்டி மாதிரிக் குவிக்கச் சொன்னால், கை நீளவாக்கில் குவித்து, உச்சியைக் கூராக்கி, பக்கங்களைச் செங்குத்தாகச் சரித்துப் பலகையால் அடித்திருக்கிறது. அதோடு விட்டதா. மழைக்கு முன்னால் அம்பாரத்துக்குத் தார்ப்பாய் போர்த்தி, அது பறக்காமலிருக்கச் சரிவில் குச்சியை நேர் கீழாக இறக்குவார்களே, அதே மாதிரி, அதே கை, அதே இறக்கு. சரிவில் குச்சியை நேர் கீழாக இறக்கினால் குச்சி முழுசும் சரிவோடு ஒட்டிக்கொண்டுதானே போகும். ஒரு சாண் நாலு விரல் குச்சிக்கு நாலு விரல் சுவர்கூட மிஞ்சாது. சுவரைப் பார்த்துக் குறுக்கே குத்தியிருக்க வேண்டும். காஸ் தீட்டா. ஐயோ, அந்தப் படம். மிஸ் போர்டில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, அதிலிருந்து கீழே ஒரு கோடு போட்டு, இது காஸ், இது சைன் என்று சொன்னார்களே, இது எதுக்கு மிஸ் என்று கேட்டதற்கு, அஞ்சு மார்க்குக்கு என்றார்களே. குச்சி என்று சொல்லியிருந்தால் என்ன. ஒரு சரிவு, அதில் ஒரு குச்சி, உள்ளே ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் எழுந்து போகிறேன். போயிருப்பேன். பொய் சொல்லக் கூடாது, போயிருப்பேன், ஆனால் அந்த ஒரு கணக்கை மட்டும் கொண்டுபோயிருப்பேன்.

மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. இப்போதுதான் முதல்முறையாக, மேலே இருப்பது கூரை இல்லை, எடை என்று தெரிந்தது. கூரான உச்சியின் பனி முழுக்க இரண்டு பக்கத்து மெல்லிசுத் தோள்களில் உட்கார்ந்திருக்கிறது, குண்டு மனிதனைத் தோளில் ஏற்றிக்கொண்ட நோஞ்சான் மாதிரி. மெதுவாக, மிக மெதுவாக, ஷவலைக் கீழே வைத்தாள். வைத்த சத்தத்துக்கு விழுந்துவிடுமோ. விழவில்லை. அம்மா ஒரு தடவை பாத்தியில் சறுக்கி, சரிந்த உப்பு இடுப்பு வரை மூடி, சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள், சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. இது உப்பு இல்லை. மூடினால் இறுகும். ஆனால் விழவில்லையே, நின்றுகொண்டுதானே இருக்கிறது, மத்தியானத்திலிருந்து நான் குத்திக் குடைந்தும் நிற்கிறது. கணக்குப் போட ஆரம்பித்தாள், பரீட்சைக் கூடத்தில் ஒருநாளும் ஓடாத வேகத்தில் ஓடிற்று கணக்கு. நாலு மணிக்கு ஏறி நிற்கப்போவது யார். நான். நான் எவ்வளவு. நாற்பத்திரண்டு கிலோ. உச்சியில், நட்ட நடுவில், மெதுவாகக் காலை வைத்து நின்றால் இது தாங்கும். தாங்கும். இருபது எண்ணுவார்கள். முடிந்தது. வெளிவேலைக் குழு. ஞாயிற்றுக்கிழமை வண்டி சமையல்கூடத்து மற்ற மூன்று பேரோடு போகும், நான் இங்கே நின்று கை காட்டுவேன். ராத்திரி குளிரில் சுவர் இன்னும் இறுகிவிடும், அப்படித்தானே சொன்னார்கள், இறுகும். இறுகாவிட்டால்? நாளைக்கு வெயில் அடித்தால்? இந்தப் பக்கம்தான் சாயங்கால வெயில் விழுகிற பக்கம். இந்தப் பக்கம்தான் சின்னப் படுக்கை. பெரியவர்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம், பிள்ளையைச் சுவரோரம் போடுவார்கள், எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தான் போடுவார்கள், வெளியே உருண்டுவிடக் கூடாது என்று. நக்கலாமா அக்கா.

"ஏட்டி."

கேட்டது. நன்றாகக் கேட்டது. வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. பதில் சொல்லாவிட்டால்? மூன்று தடவை கூப்பிடுவான். அப்புறம் உடைப்பான். எண்பத்துநாலு கிலோ, கையில் பெரிய ஷவல், ஒரே போடு, கூடு போய்விடும், அவளை இழுத்துப் போடுவான். யார் தப்பு? யார் தப்பும் இல்லை, சட்டம். மேடம், உள்ள சுரண்டுற சத்தத்துல கேக்கல. சரி, இன்னொரு நாள் கொடுங்கள் இந்தப் பெண்ணுக்கு என்பார். உருண்டையாக ஒன்று கட்டிக்கொள்ளலாம், குச்சியைச் சரியாகக் குத்திக்கொள்ளலாம், அம்பாரம் கட்டினது ஒருத்தருக்கும் தெரியாது, காஸ் தீட்டா ஒருத்தருக்கும் தெரியாது. என்ன அழகான யோசனை. எங்கிருந்து வந்தது இவ்வளவு சீக்கிரம். "ஏட்டி பிரிசி." இரண்டு. இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. பூட்ஸ் இரண்டும் வாசலிலிருந்து நகர்ந்தன, மேலே ஏறப் போகிறான், இல்லை, ஷவலை எடுக்கிறான், இரும்பு உரசுகிற சத்தம். நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இதோ இன்னும் ஒரு கூப்பாடு. சும்மா இருந்தால் போதும். வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருந்தால் காரியம் ஆகிற இடம். உக்காரு என்றால் உட்காராதவளுக்கு. பேசாதே என்றால் பேசுகிறவளுக்கு. அவன் உடைப்பான். உடைத்துவிட்டு உள்ளே என்ன கிடக்குமோ என்று பயந்துகொண்டே தோண்டுவான், கையுறை கழன்றாலும் தோண்டுவான், அவன் அப்படிப்பட்ட ஆள், வாய்தான் அப்படி. என்னை இழுத்துப் போட்டதும் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் மயக்கம் மாதிரி நடிக்க வேண்டும். சீ. நடிக்கவெல்லாம் வராது. "பிரிசில்லா." முழுப்பேர். அவன் முழுப்பேர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "இருக்கேன்," என்று கத்தினாள், தொண்டை கிழிய, "இருக்கேன், இருக்கேன், உடச்சிராதீங்க அண்ணேன்."

வெளியே ஷவல் பொத்தென்று விழுந்தது. அப்புறம் வாசலில் முகம் வந்தது, சிவந்து, மூக்கில் ஒழுகிக்கொண்டு. "செருப்பால அடிப்பேன்," என்றான். "ஷவலு தலைக்கு மேல போயிட்டு பாரு. மனுசனுக்கு ஒரு நிமிசம் உசிரு இல்ல." "நெனப்பு எங்கியோ போயிருச்சு." "வெளிய வா மொதல்ல. மேடம் வந்துட்டாக." அவள் காலை முதலில் விட்டு, வயிற்றால் ஊர்ந்து, பின்பக்கமாக வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. எதிரே குவியல். வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு அசல் அம்பாரம், முத்தையாபுரத்தில் கொண்டுபோய் வைத்தால் லாரி வந்து நிற்கும். நேகி மேடம் கழுத்துத் துண்டை அவிழ்த்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார், வாசலில் குனிந்து உள்ளே டார்ச் அடித்தார், நிமிர்ந்து, ஏறு என்று கண்ணால் காட்டினார். இப்போது சொல்லிவிட வேண்டும். இதோ சொல்லப் போகிறேன். ஆனால் கால் ஏறிவிட்டது. நிஜம் அதுதான், வாய் பின்னால் நின்றது, கால் முன்னால் போயிற்று, நட்ட நடு உச்சியில் மெத்தென்று ஒரு கால், மெத்தென்று மறு கால். நின்றாள். மேடம் இந்தியில் எண்ண ஆரம்பித்தார். மலை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, கீழே தேவதாரு மரங்கள், சமையல்கூடத்துப் புகை, ஒரு காக்கா மாதிரி ஆனால் மஞ்சள் அலகோடு ஏதோ ஒன்று. எட்டு, ஒன்பது. காலுக்குக் கீழே அவள் செய்த 'உள்ளே' இருக்கிறது, அதன் மேல் அவள் நிற்கிறாள். பதினான்கு. உலகத்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது. இருபது. மேடம் கையுறையோடு கைதட்டி, "பாஸ்," என்றார்.

அந்தச் சொல்லைக் காதுக்குள் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள். பிறகு பின்பக்கச் சரிவில் சறுக்கி இறங்கி, இடதுபக்கம் போய், வெயில் விழுகிற சுவருக்கு எதிரே நின்று, முஷ்டியை மடக்கி ஒரு இடி இடித்தாள். கை தோள்பட்டை வரைக்கும் உள்ளே போயிற்று. இசக்கிராஜ், "ஏ, என்னட்டி செய்யுத," என்று ஓடிவந்தான். அவள் கையை எடுக்கவில்லை, உள்ளே விரல்களை விரித்து மூடிக் காட்டினாள், உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. "மேடத்துகிட்டச் சொல்லுங்க. குச்சிய நேரா குத்திட்டேன், சரிவுக்குக் குறுக்க குத்தல. ரெண்டு பக்கமும் நாலு விரலுதான் இருக்கு. அந்தப் பிள்ள தலை வைக்கிற எடம் இது." அவன் சொன்னான். மேடம் வந்து, ஓட்டைக்குள் முகத்தைக் கொடுத்துப் பார்த்தார், ஒரு குச்சியை உருவினார், அது போயிருந்த தினுசைப் பார்த்தார், சுவரின் கனத்தை விரலால் அளந்தார். என்னவோ கேட்டார். இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். "எப்பத் தெரியும்னு கேக்காக." "கால் மணி நேரம் இருக்கும்." "பின்ன எதுக்கு ஏறினன்னு கேக்காக." யோசிக்காமல் வந்தது பதில்: "பாஸுன்னு ஒரு தடவ கேட்டுக்கிடணும்னு இருந்துச்சு." அவன் அதை இந்தியில் போடத் திணறி, பாதியிலேயே சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டையைப் பார்த்தார், டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார், நீளமாக ஏதோ சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு இறங்கிப் போனார்.

"என்ன சொன்னாக?" "இத நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்னு சொன்னாக. டார்ச் அடிச்சும் தெரியலையாம்." "பெறகு?" "அந்தக் குடும்பம் நாளைக்கு அஞ்சு மணிக்கு வருது, அதுக்குள்ள வேற கூடு நிக்கணுமாம்." "பெறகு?" "பெறகு என்ன பெறகு. நீ ஞாயித்துக்கெழம போகண்டாமாம். எங்கூடதான் கெடந்து சீரழியணும்." அவன் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், எடுத்தவுடனே இப்படி உடைக்கிறவளை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றோ, தன்னுடைய முதல் கூடு எப்படி விழுந்தது என்றோ. அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. காது இரண்டும் சூடாக இருந்தது. எங்கே கட்டுவது, இதே இடத்தில் வேண்டாம், மிதிபட்ட பனி, இருபது அடி தள்ளி, அங்கே, மரத்து நிழல் விழுகிற பக்கம். கயிறு எங்கே. சாமான் இழுத்துவந்த ஸ்லெட்ஜிலிருந்து கயிற்றை உருவி, ஒரு முனையை அவன் இடுப்பு பெல்ட்டில் முடிந்தாள், மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கையை நம்புவதற்கில்லை, கைக்கு ஒரு வடிவம்தான் தெரியும். "நடுவுல நில்லுங்க. அசையக் கூடாது." "என்னட்டி, மாட்டக் கெட்டுற மாதிரி." "வட்டம் போடப் போறேன். நீங்க அசைஞ்சா கோணிரும்." "இப்பமேவா? நாளைக்கிக் காலைல செய்யி, பொழுது எறங்கிட்டு." "இப்பக் குவிச்சாத்தான் காலைக்குள்ள எறுகும்," என்றாள், கயிறு விறைக்கிற வரைக்கும் பின்னால் போனாள், குதிகாலைப் பனியில் ஊன்றினாள், அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து நின்றான், அவள் அவனைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள்.